இஞ்சின் புத்தகத்தின் கடைசித் தாள்கள்

டீசல் எண்ணெயும் வாடிய கொழுந்தும் கலந்த வாசனை அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் ஏறியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் புது இஞ்சின் வந்தபோது அதனோடு வந்த ஆங்கிலப் புத்தகம் அது. பழைய இஞ்சின் டிரைவர் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டதால், அவருக்கு உதவியாளாக இருந்த அப்பாவிடம், "ஒரு மாசம் ஓட்டிக் காட்டு, அப்பறம் பாக்கலாம்" என்று தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா சொல்லியிருந்தார். தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்திலிருந்து அந்த வேலைக்குப் போனவர் அதுவரை எவருமில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஏழாம் வகுப்பிலிருந்த எனக்கும் அரைகுறைதான், ஆனால் பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று என்னிடம் இருந்தது.

"எண்ணெயப் பத்தி என்னா போட்டிருக்கான், படி தாயி" என்றார் அப்பா.

இஞ்சின் 'ஐடிலிங்'கில் இருக்கும்போது எண்ணெய் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அகராதியைப் புரட்டினேன்: சோம்பலான, வேலையற்ற, சும்மா இருக்கிற. காலையில் ஆள் பிரித்து வேலை கொடுக்கும் "பெரட்டு"க் களத்தில் பெயர் கூப்பிடப்படாமல் லயத்துக்குத் திரும்புகிறவர்களைத்தான் நாங்கள் "சும்மா இருக்காங்க" என்போம், வேலை நின்றுபோனவர்கள். ஆகவே சந்தேகமே இல்லாமல், "இஞ்சின் சும்மா நிக்கிறப்ப எண்ணெய் ஓடுதான்னு பாக்கணுமாம்ப்பா" என்றேன். பழைய இஞ்சினில் கண்ணாடிக் குப்பியிலிருந்து, நின்றாலும் எண்ணெய் சொட்டும் என்பதால் அப்பாவும் அதை நம்பினார்.

கொழுந்து குவிந்திருந்த ஒரு சனிக்கிழமை அவர் இஞ்சினை நிறுத்திப் பார்த்தார். எண்ணெய் ஓடவில்லை. பம்பு பழுது என்று கழற்றினார். மறுபடி பூட்டுவதற்குள் பொழுது சாய்ந்து, ரோலரில் அரைபட்டுக் கிடந்த கொழுந்தெல்லாம் புளித்துப்போயிற்று. சோறு கொண்டுபோன நான் வாசலில் நின்றபோது டீமேக்கர் ஐயாவின் குரல் கேட்டது.

"ஏன்டா, ஓடாத இஞ்சின்ல எண்ணெய் எப்படிடா ஓடும்? தூங்குறவன எழுப்பாம, நடக்குறானான்னு பாப்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தாங்க தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில்தான் கடைசித் தாள்களைப் பிரித்தேன். உள்ளே வரும் சொற்களுக்கெல்லாம் அங்கே விளக்கம் இருந்தது. 'ஐடிலிங்' என்றால் பளு இல்லாமல் மெதுவாக ஓடுவது. நிற்பதல்ல, ஓடுவது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

முப்பத்தைந்து வருஷமாகிவிட்டது; அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை, அப்பாவும் இல்லை. ஹட்டனில் என் மகள் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் படிக்கிறாள். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வைத்திருக்கிறாள். ஏதோ ஒரு சொல்லுக்குத் தானாகவே பொருள் வைத்துக்கொண்டு அவள் மேலே போகும்போதெல்லாம், "புத்தகத்துக்குப் பின்னால பாத்தியா?" என்று நச்சரிக்கிறேன்.

"தப்பா எழுதுனா திருத்திக்கலாம்மா. கம்ப்யூட்டரு என்ன ஆளையா அடிக்கப் போகுது?" என்று போன வாரம் சிரித்தாள். அன்றுதான் முதன்முறையாக இதை ஒருவரிடம் சொன்னேன்.

"திட்டுவாருன்னு பயந்துதான் தாத்தாகிட்ட சொல்லலையாம்மா?"

"திட்ட மாட்டாருன்னுதான்" என்றேன்.