கிழமை, கடிகாரம், சாவி

மறதி நோய் இருக்கிறதா என்று பத்து நிமிஷத்தில் கேள்வி கேட்டு மார்க் போடுவது பெங்களூரில் என் வேலை. தொண்ணூறுகளின் கடைசி. வயதானவர்களிடம் கேள்வி கேட்டு முறைப்பு வாங்கியவர்கள் எல்லோரும் என் கட்சி. நான் டாக்டர் இல்லை. டாக்டருக்கு முன்னால் திட்டு வாங்குகிற ஆள்.

என்ன கிழமை?

ஈஜிபுராவிலிருந்து ஓர் அம்மாள், மருமகளோடு.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"தண்ணி வராத நாள்."

"கிழமை கேட்டேன்."

"அதான் சொன்னேனே."

தாளில் ஏழு கிழமைக்குத்தான் இடம். மருமகளைப் பார்த்தேன்.

"கரெக்ட்தான் சார், நேத்துதான் வந்துச்சு. கிழமையெல்லாம் எனக்கே தெரியாது."

டீச்சரம்மா

காக்ஸ் டவுன் ஆரோக்கியசாமி. ஸ்கூட்டரில் பக்கத்துச் சர்ச்சுக்குக் கிளம்பியவர், ஊரைத் தாண்டி சந்தாபுராவில் பெட்ரோல் தீர்ந்து நின்றாராம். அன்றிலிருந்து வண்டிச் சாவி மனைவி ஸ்டெல்லாவின் கைப்பையில். பரீட்சையில் தேறினால்தான் சாவி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடிகாரம் வரையச் சொன்னேன். வட்டம் நன்றாக வந்தது. எண்களையெல்லாம் ஒரே பக்கம் நெருக்கினார், ஆபீஸ் நேரத்து பஸ் மாதிரி.

பின்னாலிருந்து கிசுகிசு: "அந்தப் பக்கம்... அந்தப் பக்கமும் போடுங்க."

ஸ்டெல்லா ரிட்டயரான டீச்சர். வெளியே போங்கம்மா என்றேன். அசையவில்லை.

"எத்தனை பசங்க கிட்ட பிட்டு பிடிச்சிருப்பேன் சார்! இன்னைக்கு ஒரு நாள் நீங்க கண்ண மூடிக்குங்க."

மூன்று வார்த்தை

ஆரோக்கியசாமியிடம் ஆரம்பத்திலேயே மூன்று வார்த்தை சொல்லி, கடைசியில் கேட்பேன் என்று எச்சரித்திருந்தேன். எலுமிச்சை, குதிரை, சாவி.

கேட்டேன். "எலுமிச்சை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "குதிரை." அப்புறம் கூரையைப் பார்த்தார்.

இந்தத் தடவை கிசுகிசு வரவில்லை. ஸ்டெல்லா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"சீக்கிரம்" என்றேன். எனக்குப் பொறுமை கிடையாது.

மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

"மூணாவது இவகிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்குங்க சார்."

அதே ஸ்கூட்டர்

வார்த்தையை வாயால் சொல்லாவிட்டால் மார்க் கிடையாது. போடவில்லை. மொத்தத்திலும் தேறவில்லை. வண்டி தொடக் கூடாது என்றார் டாக்டர்.

சில மாதம் கழித்து மறுபரீட்சைக்கு வந்தார்கள். அதே ஸ்கூட்டர். ஓட்டியது ஸ்டெல்லா. பின்சீட்டில் ஆரோக்கியசாமி, மடியில் அந்தக் கைப்பை. ஸ்டெல்லா எங்கள் கேட்டில் இடித்துத்தான் வண்டியை நிறுத்தினார்.

இறங்கினதும் இறங்காததுமாக ஆரோக்கியசாமி சொன்னார்:

"சார், இன்னைக்கு டெஸ்டு இவளுக்கு வைங்க. பிரேக் எங்க இருக்குன்னே மறந்துட்டா!"

அந்தக் கேள்வித்தாளை யார் எழுதினாரோ, பின்சீட்டில் உட்காரத் தெரியுமா என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தால், நானே இவருக்கு முழு மார்க் போட்டிருப்பேன்.