பாவுத் தெருவில் ஒரு கார்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஜீப் மாதிரி உயரமான இரண்டு சின்னக் கார்களில் எதை வாங்குவது என்று எனக்கும் மனைவிக்கும் தினமும் வாக்குவாதம். முதல் காரை ஓட்டிப் பார்க்கச் சொல்லி, விற்பனைக்காரர் காலையிலேயே எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார். எதிரே, தறிக்குப் போகிற பட்டு நூலைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“எந்த மேட்டுலயும் ஏறும் சார்.”

“பாவு மேல ஏறுமா?” என்றேன் எரிச்சலோடு.

ரிவர்ஸில்தான் வெளியேற வேண்டும். பின்கண்ணாடியோ கையகலம். மனைவி இறங்கி நின்று வழி சொன்னாள்.

மறுநாள் வந்த இரண்டாவது காருக்கும் அதே ரிவர்ஸ்தான். ஆனால் பின்கண்ணாடியில் தெருமுனை வரை தெரிந்தது. “இதுதான்” என்று சாவிக்குக் கை நீட்டினாள், சைக்கிள்கூட ஓட்டாதவள்.

“முன்னால போறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல எனக்கு ரிவர்ஸ் கத்துக்குடுங்க.”