செருப்பு கழன்றது தெரியாத மனிதர்

சில வருடங்களுக்கு முன், வவுனியாவில் தாதியாக வேலை செய்துகொண்டே தாதியியலில் கலாநிதிப் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ள விவசாயிகள் தங்கள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. ஆங்கிலத்தில் இருந்த கேள்விகளை நானே தமிழாக்கி, பல்கலைக்கழகத்தின் அனுமதியும் பெற்றிருந்தேன். கிளினிக் நாட்களில் ஆஸ்பத்திரி விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்பேன்.

"உங்கள் பாதங்களில் உணர்விழப்பு ஏற்பட்டுள்ளதா?" என்ற கேள்விக்கு அநேகமாக எல்லோரும் இல்லை என்றார்கள். எனக்கே அது கொஞ்சம் அதிசயமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை எழுதுவதுதானே என் வேலை என்று எழுதிக்கொண்டே போனேன்.

அன்று நெளுக்குளம் பக்கமிருந்து ஒரு ஐயா வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வயல் வேலை. அவரும், "அப்படி ஒன்னும் இல்லைங்க மிஸ்" என்றார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கோப்புகளோடு வந்த எங்கள் சிற்றூழியர், என் வயதுப் பெண், வெளியே போய்க்கொண்டிருந்த அந்த ஐயாவை மறித்தார். "ஐயா, ஒரு செருப்பை விட்டிட்டுப் போறியள்."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். "அட, கழண்டது தெரியலைங்களே!"

அந்தப் பெண் அவரை இருத்தி, காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் முறிந்த முள், சுற்றிலும் சீழ். எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியாது. உடனே வாட்டில் சேர்த்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர். என் கையில் இருந்த தாளில் 'இல்லை' என்ற இடத்தில் அடையாளம் போட்டிருந்தது.

பின்னேரம் அந்தப் பெண்ணைத் தேடிப் போய், "நான் கேட்டதில என்ன பிழை?" என்றேன்.

"குறை நினைக்காதேங்கோ மிஸ். உணர்வு எண்டா கோபம், கவலை எண்டெல்லோ சனம் நினைக்கும். கால் விறைக்குதோ, செருப்புக் கழண்டாத் தெரியுதோ எண்டு கேளுங்கோ. அந்த ஐயா மாதிரி மலையகத்து ஆக்களிட்ட மரத்துப் போச்சா எண்டு கேக்கோணும்."

வீட்டில் நானும் அப்படித்தான் கதைக்கிறவள். பேனையைப் பிடித்தவுடன் எங்கிருந்தோ வேறொரு தமிழ் வந்துவிட்டது.

சேர்த்த தாள்களை எல்லாம் ஒதுக்க வேண்டும் என்று என் பேராசிரியைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் எத்தனை தாள்கள் என்று கேட்டார். பிறகு, "ஆய்வு முடிஞ்ச பிறகு தெரிய வராமல் இப்பவே தெரிஞ்சது நல்லது. திரும்பத் தொடங்குங்கோ" என்றார். 

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணின் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு, அவர் கறி காய்ச்சக் காய்ச்ச ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டினேன். சிலதுக்குச் சிரித்தார். சிலதை நாலைந்து தரம் மாற்ற வைத்தார். புதிய அனுமதி கிடைக்க மாதக்கணக்கானது. ஆனால் முன்பு 'இல்லை' என்றவர்களின் கால்களைப் பார்க்க நான் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த கிளினிக்கிலிருந்தே இருவருமாகப் பார்த்தோம். மருந்து கட்ட வேண்டிய புண்கள் இன்னும் சிலரிடம் இருந்தன.

அந்த ஐயா இரண்டு காலாலும் நடந்து வீட்டுக்குப் போனார்.

பட்டம் என் பெயரில்தான் வந்தது. ஆனால் எதிரில் இருப்பவருக்கு விளங்குகிற மாதிரிக் கேட்க எனக்குக் கற்றுத் தந்ததற்கு, அந்தப் பெண்ணுக்கு நான் இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.