உச்சியில் வாங்கிய கயிற்றடி

லுத்விக் எங்கள் யெசெனிட்ஸே ஊரில் பஸ் ஓட்டுகிறவன். மலையேறப் போகிற கூட்டத்தையெல்லாம் நாட்டிலேயே உயரமான திரிக்லாவ் மலையின் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். வாட்டசாட்டமான ஆள், ஏணியில் ஏறினால் தலை சுற்றும். எங்கள் நாட்டில் திரிக்லாவ் ஏறாதவனை யாரும் ஆளாகவே மதிப்பதில்லை. பணிமனை மெக்கானிக்கான நான், அவனைச் சீண்டாமல் ஒரு நாள்கூட ஸ்பானரைத் தொட்டதில்லை.

முடிவெட்டும் கடை வைத்திருக்கும் ரெஸ்காவைக் கட்டிக்கொள்ள அவனுக்குக் கொள்ளை ஆசை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"நான் ரெண்டு தடவை ஏறினவ. ஏறாதவனைக் கட்டிக்க மாட்டேன், போய்யா!"

ஜூன் பிறந்தும் மேலே பனி கரையவில்லை. மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, நேராக அவள் கடைக்குப் போனான்.

"நாளைக்கு ஏறப்போறேன். தனியாவாவது ஏறிடுவேன்."

ரெஸ்கா கத்திரியைக் கீழே வைத்தாள். "நானும் வரேன்."

காலணியில் இரும்புப் பற்களை மாட்டி, ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு ஏறினார்கள். பிடித்துக்கொள்ளப் பாறையில் அடித்திருக்கும் கம்பிகளெல்லாம் பனிக்குள் புதைந்து கிடந்தன. லுத்விக் பயத்தை மறைக்கக் கத்திப் பாடினான். பாதிப் பாட்டிலேயே பயம் போய், உயரமே போதையாக ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் அதலபாதாளம், இவன் பைத்தியம் மாதிரி சிரிக்கிறான்!

கடைசி முகட்டில், முன்னால் போன ரெஸ்கா நின்றுவிட்டாள்.

"எந்தப் பக்கம்யா போகணும்?"

"என்னைக் கேட்டா? ஏறினவ நீதானே?"

"ஏறினதே இல்ல." பனியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தியும் ஏறின கதை பேசுறா. நானும் ஒரு நாள் அளந்துவிட்டேன்."

"அப்போ எனக்கு எதுக்கு அந்த நிபந்தனை?"

"நீ ஏறவே மாட்டேன்னு நினைச்சேன். கட்டிக்கப் பயமா இருந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"அப்புறம் ஏன் கூட வந்த?"

"நீ தனியா ஏறி விழுந்து தொலைஞ்சா? அது அதைவிடப் பயமா இருந்துச்சு, தடியா!"

லுத்விக் அவளைத் தூக்கி நிறுத்தினான். இடது பக்கமாகத் தட்டுத்தடுமாறி உச்சிக்குப் போய்விட்டார்கள். முதல் தடவை வந்தவருக்கு அங்கே வழக்கப்படி பின்புறத்தில் கயிற்றடி உண்டு. ஏற்கனவே ஏறியவர்தான் அடிக்க வேண்டும். இரண்டு பேருமே புதுசு. யார் யாரை அடிப்பது?

லுத்விக் அவளை முன்னால் தள்ளி, உச்சிக்கு அடையாளமாக நிற்கும் சின்னத் தகரக் கூண்டை முதலில் தொடவைத்தான்.

"இப்ப நீ ஏறினவ. இனிமே நீ சொன்னா பொய் இல்ல. அடி!"

குனிந்தான். அவள் விளாசினாள். பிறகு அவள் குனிய, அவன் கயிற்றை ஓங்கினான். சிரித்த சிரிப்பில் அடி அவன் காலிலேயே விழுந்தது. இருவருக்கும் கண்ணில் நீர் முட்டியது.

"இப்பவாவது கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்யா, கட்டிக்கிறேன். முதல்ல இங்கேயிருந்து எப்படி இறங்குறதுன்னு சொல்லு!"