பக்கத்து இலை

போன வாரம் நாசரேத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஜெபசிங்கைப் பார்த்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. ஜெபசிங் என் மனைவியின் தம்பி. எந்தக் கல்யாணமானாலும் எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து இலைதான்.

"வா மாப்ள, பந்திக்குப் போவோம்" என்றேன்.

"நான் அப்பவே சாப்பிட்டாச்சு அத்தான். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

நான் உடம்பைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவன். வயிற்றைச் சின்னதாக்கி, குடலை மாற்றித் தைத்தார்கள். சுகர் மாத்திரை நின்றது. அந்த இடத்தில் இரும்பு, கால்சியம், வைட்டமின் என்று வேறு மாத்திரைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு வாய் கேசரி தின்றால் போதும் — நெஞ்சு படபடத்து, படுக்க இடம் தேட வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டு. முதலில் கறி, முட்டை. இடமிருந்தால் சோறு. கூழாகும் வரை மெல்ல வேண்டும். நடுவில் தண்ணீர் கூடாது. நாலு வாய்க்கு அரை மணி நேரம்! இதையெல்லாம் டயட்டீஷியன் சொல்லித் தந்தார். ஊர் நடுவே பந்தியில் உட்கார்ந்து இதை எப்படிச் செய்வது? அதைச் சொல்லித் தரவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். சாப்பாட்டு ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஜெபசிங்! இலை நிறைய பிரியாணி.

கோபம் வந்ததா? வந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. நேராகப் போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன் — அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நிற்போமே, அதேபோல.

"இந்தா முடிச்சிருதேன் அண்ணாச்சி" என்றான் திரும்பாமலே. வேகவேகமாக அள்ளினான். அப்புறம்தான் திரும்பினான்.

"அத்தான்...!"

"அப்பவே சாப்பிட்டியோ?"

தலையைக் குனிந்துகொண்டான். "கோவிக்காதீங்க அத்தான். நீங்க நாலு பருக்கையைக் கொறிச்சிக்கிட்டு இருக்கீங்க. நான் பக்கத்துல இருந்து ரெண்டாந்தரம் சோறு கேக்கேன். எனக்கு இறங்கவே மாட்டேங்கு. போன கல்யாணத்துல எல்லாரும் எந்திரிச்சாச்சு, நான் உங்களுக்காகக் கை காய உக்காந்திருக்கேன்... பின்னால நின்ன ஆளு திட்டுதான்."

"பசிக்கா மாப்ள நான் பந்திக்கு வாரேன்?"

உண்மையில் எனக்கு இப்போது பசியே கிடையாது. பக்கத்தில் ஓர் ஆள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, வீட்டுக் கதை பேசிக்கொண்டு சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதற்குள் பந்தி எழுந்துவிட்டது. அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க அத்தான். ஃபேனுக்கு நேர் கீழ. உங்களுக்குத்தான் ரொம்ப வேர்க்கும்லா..."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். நல்ல பிள்ளைதான்.

உட்கார்ந்தேன். காற்று சில்லென்று அடித்தது. உடம்பு கரைந்ததிலிருந்து எனக்கு ஃபேன் காற்று ஆவதில்லை. எலும்பு வரை குளிர்கிறது. இது அவனுக்குத் தெரியாது.

எப்படித் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்தால்தானே சொல்ல முடியும்!