சுவரில் இருந்தவருக்கு ஒரு பிடி சோறு

இது நடந்த விஷயம். பேரையும் ஊரையும் நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று கோபிகாவே சொல்லிவிட்டாள், அதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: சாப்பிட்டுக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். அவள் வாயால் கேட்ட அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. நண்டை இன்றுவரை தொடவில்லை.

கோபிகா முன்பள்ளி ஆசிரியை. பதினொன்றரைக்கு வேலை முடிந்துவிடும். அவள் கணவன் சிவதர்ஷன், வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை பூட்டுகிறவன். கல்யாணம் கட்டி இரண்டாவது வருடம், போன வைகாசியில், நீர்வேலியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். சுற்றிவர வாழைத்தோட்டம், நல்ல கிணறு, சமைக்கக் காற்றோட்டமான குசினி. வீட்டுக்காரி பிரதீபா கனடாவில். பேச்சுவார்த்தை முழுவதும் வட்ஸ்அப்பிலேயே முடிந்தது.

இரண்டு பேரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிற ஆட்கள். எதற்கும் ஒரு கொண்டாட்டம் வேண்டும். மழை பெய்தால் கூழ். மல்லிகை முதல் மொட்டு விட்டது, அதற்கொரு பாயசம். அவன் பிறந்தநாளுக்கு அவள் அடித்த கேக் நடுவில் குழிந்து போனது. குழிக்குள் வாழைப்பழத்தை வெட்டிப் போட்டு, இதுதான் புது மோஸ்தர் என்று அவனை ஏமாற்றினாள். அவனும் ஏமாந்த மாதிரி நடித்தான்.

குடிபுகுந்து பால் காய்ச்சிய அன்றைக்கே ஹோல் சுவரில் அந்தப் படத்தைக் கண்டாள். ஒரு வயோதிபர். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. காய்ந்த செவ்வந்தி மாலை ஒன்று தொங்கியது. செத்தவரின் படம் என்று நினைக்க எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்காரியின் தகப்பனாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கோபிகாவின் தாய் வீடு தொண்டைமானாறு. அவள் தகப்பன் செத்த நாளிலிருந்து, மத்தியானம் சோறு ஆக்கியதும் ஒரு பிடி எடுத்து அவர் படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. ஒரு சின்னத் தட்டில் சோறும் கறியும் போட்டுப் படத்துக்குக் கீழே வைத்தாள். மாலையையும் புதுசாகக் கட்டினாள்.

"ஆரோ ஒரு கிழவனுக்கு நீர் ஏன் படைக்கிறீர்?" என்று சிவதர்ஷன் சிரித்தான்.

"அவரின்ரை வீட்டிலை இருந்துகொண்டு அவரைப் பட்டினி போடுறதே? பாவம் எல்லே."

தினமும் படைத்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு.

ஆனி மாதம் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. முதல் கரு இரண்டாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. அதனால் இந்தப் பிள்ளை எப்படியும் தங்கவேண்டும் என்று இரண்டு பேரும் கோயில் கோயிலாகக் கும்பிட்டார்கள். அவளுக்கு முருங்கைக்காய்ப் பால்கறி என்றால் உயிர். ஒரு நாள் மத்தியானம் அதைத்தான் வைத்தாள். பன்னிரண்டரைக்குச் சட்டியை மூடினாள். நாற்பதுக்குப் படைத்தாள். ஒரு மணிக்கு மூடியைத் திறந்தாள்.

கறிக்கு மேலே முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தது.

சப்பி, சாறு உறிஞ்சி, நசித்துத் துப்பிய சக்கை. ஐந்தாறு துண்டுகள். சிவதர்ஷன் அப்போதுதான் மோட்டார்சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். வீட்டில் அதுவரை அவள் மட்டுந்தான் இருந்தாள்.

பிறகு சோறு. மூடியைத் தூக்கினால் மூடிக்கும் சோற்றுக்கும் இடையில் நூல் நூலாய் இழுபடும். ஆக்கி அரை மணித்தியாலம் ஆகாத சோறு! அதில் ஒரு மணம். பழுதான சோற்றின் புளிப்பு மணம் இல்லை. பல நாள் பல் விளக்காத வாயின் மணம். வெற்றிலையும் பழைய எச்சிலும் கலந்த மணம். கோபிகா ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே. உது உமக்கு மசக்கை" என்றான் சிவதர்ஷன். அதே சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டான். விரலைச் சூப்பினான். இன்னொரு அகப்பை கேட்டான். அவளால் பார்க்க முடியவில்லை. ஆசைப்பட்டுக் கட்டிய மனிதனையே அருவருத்தாள். இரவில் அவன் பக்கத்தில் படுத்தால் அவன் மூச்சிலும் அந்த வாய்தான் மணத்தது.

தாய் நாகேஸ்வரியும் மசக்கை என்றாள். அக்கம்பக்கமும் அதைத்தான் சொன்னது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சாப்பாடு நாறுகிறது என்றால் யார் நம்பப் போகிறார்கள்? கடையில் பார்சல் எடுப்பித்துப் பார்த்தாள். வீட்டுக்குள் கொண்டுவந்து பிரித்தால் அதிலும் எச்சில் மணம்.

கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். நாற்பத்தொன்பது கிலோ. அடுத்த மாதம் நாற்பத்தாறு. அதற்கடுத்த மாதம் நாற்பத்து மூன்றரை.

"பிள்ளை வளரேல்லை, கோபிகா" என்றாள் கிளினிக் மிஸ்ஸி. "இப்பிடியே போனால் இதுவும் தங்காது. சொல்லிப்போட்டன்."

அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். வந்து சமைத்தாள். மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சமைத்தாள். தனக்கு ஒரு வாய் இறங்காத நாட்களிலும் சுவரில் இருந்தவருக்கு ஒரு பிடி வைக்க மறக்கவில்லை. பாருங்கள், அந்தப் பெண்ணின் பக்தியை.

ஆவணிக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை. கல்யாண நாள். தாய் தொண்டைமானாற்றிலிருந்து நண்டு கொடுத்து விட்டிருந்தாள். நல்ல சதைப்பிடிப்பான நண்டு. சிவதர்ஷன்தான் உடைத்துக் கழுவினான். முருங்கையிலை போட்டு அவள் குழம்பு வைத்தாள். இன்றைக்காவது ஒரு பிடி சாப்பிட்டுவிட வேண்டும் என்று இருந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தொன்று. சட்டியை மூடினாள்.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. பெரிய கால் ஒன்றைச் சோற்றின் மேல் வைத்துப் படத்துக்கு முன்னால் படைத்தாள். சிவதர்ஷன் ஹோலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாற்பது.

குசினிக்குள்...

ச்ர்ர்ப்.

சிவதர்ஷனின் கை நின்றது.

ச்ர்ர்ப்... ச்ர்ர்ப்...

நண்டுக்கால் உறிஞ்சுகிற சத்தம். பிறகு 'கடக்' என்று ஓடு கடிபடுகிற சத்தம்.

"பூனை..." என்றான்.

"மூடியிருக்கு" என்றாள்.

இரண்டு பேரும் குசினி வாசலில் நின்றார்கள். மூடி மூடியபடியே இருந்தது. அசையவில்லை. சத்தம் அதற்குள்ளே இருந்து வந்தது.

ச்ர்ர்ப்...

நின்றது.

அவன் மூடியைத் திறந்தான்.

ஒரு காலிலும் சதை இல்லை. எல்லாம் கடித்து, உறிஞ்சி, வெறும் கோது. குழம்புக்கு மேலே வெள்ளை நுரை. எச்சில் நுரை. அந்த மணம் இந்த முறை அவன் முகத்திலும் அடித்தது.

அவன் அகப்பையால் கிளறினான். 'டிக்' என்று ஏதோ தட்டுப்பட்டது. தூக்கினான்.

ஒரு பல்.

மனிதப் பல். வெற்றிலைக் கறை படிந்த கடைவாய்ப் பல். வேரில் ஈறின் சதை ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மாதமாகத் தான் விரல் சூப்பிச் சாப்பிட்டது எது என்று சிவதர்ஷனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் குசினி வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

பின்னேரம் ஆறே முக்காலுக்குப் பிரதீபாவுக்குப் போன் எடுத்தார்கள். கனடாவில் அப்போது காலை. கோபிகா சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உங்கடை அப்பாவுக்குத் திவசம் ஒழுங்காச் செய்யிறனீங்களோ?"

"என்ன திவசம்?"

"அப்பாவின்ரை திவசம்..."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அப்பா இருக்கிறார். சித்திரையிலை நெல்லியடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலை விட்டிருக்கிறம்."

கோபிகா சுவரைப் பார்த்தாள். தட்டு அப்படியே இருந்தது.

"அப்ப இந்தப் படம்? பொட்டு, மாலை எல்லாம்..."

"படமோ? நாங்கள் ஒருத்தரும் அங்கை படம் மாட்டேல்லை. இல்லத்துக்குப் போக முதல் அப்பாதான் கடைசியாய் வீட்டைப் பூட்டினவர்."

உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அவள் நான்கு மாதம் படைத்திருக்கிறாள்.

மறுநாள் திங்கட்கிழமை இரண்டு பேரும் போனார்கள். இல்லத்தில் அவரைப் பார்க்கிறவள் றோஸ் என்ற பெண். கேட்காமலே கொட்டித் தீர்த்தாள்.

"ஆழ்வாப்பிள்ளை ஐயாவோ? வைகாசியிலை இருந்து ஒரு பருக்கை தொடேல்லை. வெறுந் தேத்தண்ணிதான். ஊட்டினால் துப்புறார். 'வீட்டிலை சாப்பிட்டிட்டன்' எண்டுறார். ஆனா நிறையைப் பாருங்கோ. வரேக்கை நாப்பத்தொண்டு. இப்ப நாப்பத்தாறரை. டொக்டருக்கே விளங்கேல்லை."

கோபிகா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். ஐந்தரைக் கிலோ. அவளுக்குக் குறைந்ததும் அதுதான்.

"நேற்று மத்தியானம் பல்லும் ஒண்டு கழண்டது" என்றாள் றோஸ். "கட்டிலுக்குக் கீழையும் தேடினம். பல்லைக் காணேல்லை."

ஆழ்வாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்தார். படத்தில் இருந்த அதே முகம். உதட்டோரம் ஈரம். பன்னிரண்டு நாற்பதுக்கு வாயைத் திறந்தார். காத்திருந்தார். அசை போடுவதற்கு ஒன்றும் வரவில்லை. அந்த மணம் கட்டிலைச் சுற்றி எழுந்தது. மெல்லத் தலையைத் திருப்பிக் கோபிகாவைப் பார்த்தார். அவளை அவர் அதற்கு முன் கண்டதே இல்லை.

"இண்டைக்கு ஏன் பிள்ளை சமைக்கேல்லை?"

அவள் வெளியே ஓடிவந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு முன்னால் இருந்தது இதுதான். படைத்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளை போய்விடும். படைக்காவிட்டால், வேறு எதையும் வாயில் வைக்காத அந்தக் கிழவர் பட்டினியில் செத்துப்போவார். கோயில் ஐயரிடம் கேட்டார்கள். "செத்தவைக்குப் படைக்காமல் விட்டால் பரிகாரம் சொல்லுவன். இருக்கிறவருக்குப் படைச்சதுக்கு நான் எங்கை போக?" என்று அவர் கையை விரித்தார்.

அவள் பிள்ளையைத்தான் தேர்ந்தெடுத்தாள். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஆனாலும் உயிருள்ள மனிதனின் படத்தை எரிக்க மனம் வரவில்லை. பழைய சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அன்றைக்கே தொண்டைமானாற்றுக்குப் போய்விட்டார்கள்.

தாய் அவித்த புட்டில் மணம் இல்லை. சொதியில் நூல் இல்லை. கோபிகா அழுது அழுது சாப்பிட்டாள். அடுத்த கிளினிக்கில் நாற்பத்தேழு. பிள்ளை துடிக்கத் தொடங்கியது. ஆனால் கைத்தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் யார் என்று பார்ப்பாள். றோஸ் எடுக்கிறாளோ? போய்விட்டாரோ? தான் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேனோ?

நாற்பது நாளாகியும் ஒரு செய்தியும் இல்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் சிவதர்ஷனையும் கூட்டிக்கொண்டு தானே போனாள். வெறுங்கட்டிலைக் காணப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள்.

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் இருந்தார்.

கொழுத்திருந்தார். கன்னம் பளபளத்தது. கழுத்தில் மடிப்பு விழுந்திருந்தது.

"இப்பவும் ஒண்டும் சாப்பிடுறேல்லை" என்றாள் றோஸ். குரலைத் தாழ்த்தினாள். "அவரின்ரை டிரங்குப் பெட்டியைத் துடைக்கத் திறந்தனான். வந்து பாருங்கோ."

பெட்டிக்குள் ஒரு வளையத்தில் கொத்தாகச் சாவிகள். வெளிநாட்டுக்குப் போனவர்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன வீடுகளின் சாவிகள் என்று பிறகு பிரதீபா சொன்னாள். ஊர் ஊராய்ப் போய் அந்த வெறும் வீடுகளைத் திறந்து கூட்டிப் பூட்டுவது அவர் வேலையாம். எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று அவருக்கு மட்டுந்தான் தெரியும்.

சாவிகளுக்குக் கீழே ஒரு குங்குமச் சிமிழ். அதற்குக் கீழே ஸ்டூடியோ ரசீது. பங்குனி மாதத் திகதி. 'சட்டம் போட்ட படம். பிரதி: 12.'

மணி பன்னிரண்டு நாற்பது.

பின்னால் அசை போடுகிற சத்தம் கேட்டது.

மெல்ல... ருசித்து...

விழுங்கினார். கோபிகாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"உன்ரை கை எண்டால் பதமான கை, பிள்ளை. இவள் உறைப்பை அள்ளிக் கொட்டுறாள்."

இவள் யார்? எந்த ஊரில், எந்த வாடகை வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்? எத்தனை கிலோ குறைந்துவிட்டாள்? கோபிகாவுக்குத் தெரியவில்லை. றோஸுக்கும் தெரியவில்லை. அதனால்தான் பேரோடு எழுதச் சொன்னாள்.

படத்தில் இருப்பவருக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டுக்காயம். தோளில் கட்டம் போட்ட சால்வை. உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்குச் சோறு வைக்காதீர்கள்.