மல்லாட்டைக் கொடி அடைத்த டயர்

செஞ்சிப் பாதையில் சைக்கிள் விடும் திண்டிவனத்து நண்பர்களே, பாறைக் குன்றுகள் தொடங்கிவிட்டால் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. முள் மட்டும் தாராளம்.

இன்று காலை என் பின்சக்கர டியூப் அங்கேதான் கிழிந்தது. ரப்பரெல்லாம் யுத்தத்துக்கே போவதால், அது முடியும்வரை புது டியூப் கிடைக்காது என்று கடைக்காரர் முன்பே கையை விரித்திருந்தார். தள்ளிக்கொண்டே நடந்தேன்.

காய்ந்த மல்லாட்டைக் கொடியை, அதான் வேர்க்கடலைக் கொடியை, ஆட்டுத் தீனிக்காகக் கட்டாகத் தலையில் சுமந்து ஓர் அம்மா எதிரே வந்தார்.

"இன்னாங்க, இந்த வெயில்ல எங்க தள்ளிக்கினு போறீங்க?"

"அனந்தபுரம். மாமியார் வீட்ல எனக்குப் பொண்ணு பொறந்திருக்கும்மா. இன்னும் பாக்கல."

கட்டை இறக்கிவிட்டார். "டியூபைக் கழட்டிட்டு இதைத் திணிங்க. எங்க ஊர்ல இப்ப அப்படித்தான் ஓட்டிக்கினு இருக்காங்க."

"உங்க ஆட்டுக்கு?"

"அதுவும் குட்டி போட்டதுதான். ஒரு வேளை பொறுத்துக்கும்."

இருவருமாகத் திணித்தோம். எலும்பெல்லாம் குலுங்க, பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தேன். மகள் என் விரலைப் பிடித்தவள் விடவே இல்லை.

பிறகு வெளியே வந்தால், மாமனார் வீட்டு வெள்ளாடு டயர் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கொடியைப் பிடித்திழுத்து, மொத்தத்தையும் தின்று முடித்திருந்தது.

"அப்ப நாளைக்கு நீங்க திரும்பிப் போக முடியாதில்ல?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். குரலில் வருத்தம் துளியும் இல்லை.

டயரில் திணிக்க, ஆடு தின்னாத பொருள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

அவசரமே இல்லை.